ஈரத்துணி ஏன் காய்கிறது? இயற்பியல் வேதியியலை அடிப்படையிலிருந்து கற்க ஒரு வழிகாட்டி

இயற்பியல் வேதியியலை முதன்முதலாகப் படிக்கும் மாணவர் ஒருவர், பாடநூலின் பின்பக்க அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறார். 25 டிகிரி செல்சியஸில் நீர் நீராவியாக மாறினால் திட்ட கட்டிலா ஆற்றல் எவ்வளவு மாறும்? மோலுக்கு +8.55 கிலோஜூல் என்று விடை வருகிறது. கட்டிலா ஆற்றல் மாற்றம் நேர்க்குறியாக இருந்தால் அந்தச் செயல் தானாக நடக்காது என்று இரண்டு பக்கத்துக்கு முன்புதான் படித்திருக்கிறார். நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தால், கொடியில் துணி பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கிறது.

பொய் சொல்வது அட்டவணையா, விதியா, துணியா? மூன்றுமே இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவருக்குத் தொடக்கநிலை இயற்பியல் வேதியியலில் முக்கால்வாசி கைவந்துவிட்டது என்பேன். ஆகவே அந்தத் துணியையே பிடித்துக்கொண்டு போவோம். கையில் பென்சிலும் இயல் மடக்கைப் பொத்தான் உள்ள கால்குலேட்டரும் இருந்தால் போதும். நுண்கணிதம் பிறகு வேண்டியிருக்கும், இன்றைக்கு வேண்டாம்.

முதல் படி: கோடு போடுங்கள்

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது அமைப்பு, வெளியே இருப்பதெல்லாம் சூழல். நம் கணக்கில் துணியில் ஒட்டியிருக்கும் நீரும் அதிலிருந்து கிளம்பும் ஆவியும் அமைப்பு. காற்றும் வெயிலும் கொடிக்கம்பியும் சூழல். இது சடங்குபோலத் தோன்றும். ஆனால் குறிகளில் நேரும் தவறுகளில் பாதி, கோடு எங்கே என்று மறந்ததால் வருபவை. அமைப்புக்குள் வரும் ஆற்றல் கூட்டல், வெளியேறுவது கழித்தல். அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. பழைய நூல்கள் சிலவற்றில் அமைப்பு செய்யும் வேலையைக் கூட்டல் குறியில் எழுதுவார்கள். இன்றைய வேதியியல் நூல்களில் அமைப்பின் மீது செய்யப்படும் வேலைதான் கூட்டல். இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படித்துக் குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்துகொண்டு பருவம் முடியும்வரை அதைவிட்டு நகராதீர்கள்.

இரண்டாம் படி: கைக்காசை எண்ணுங்கள்

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். அழுத்தத்தைக் கனஅளவால் பெருக்கினால், மோல் எண்ணிக்கை, வாயு மாறிலி, கெல்வின் வெப்பநிலை மூன்றின் பெருக்கத்தொகை வரும். பாயிலின் 1662 ஆம் ஆண்டு விதியும், சார்லஸ், கே-லூசாக், அவகாட்ரோ ஆகியோரின் விதிகளும் இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அதில் இருக்கும் வாயு மாறிலி, பெயரைப் போல வாயுக்களோடு நிற்பதில்லை. திரவத்திலும் கரைசலிலும் மின்கலத்திலும் வினைவேகத்திலும் அதுவே வந்து நிற்கும். அதன் மதிப்பு மோலுக்கு ஒரு கெல்வினுக்கு 8.314 ஜூல்.

இதை அறை வெப்பநிலையான 298 கெல்வினால் பெருக்குங்கள். மோலுக்கு 2,478 ஜூல், சுமாராக 2.5 கிலோஜூல் வரும். இதை 'கைக்காசு' என்று வைத்துக்கொள்ளலாம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதிக் கொடுத்து வாங்கும் ஆற்றலின் சராசரிப் புழக்கம் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. நீர் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை விடுவிக்க மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல் வேண்டும், அதாவது எட்டு மடங்கு கைக்காசு. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள சகப்பிணைப்பை உடைக்க 460 கிலோஜூலுக்கு மேல் ஆகும். அது 180 மடங்குக்கும் அதிகம். முதலாவது அறை வெப்பநிலையிலேயே ஓயாமல் அறுந்து சேர்ந்துகொண்டிருப்பதும், இரண்டாவது அசையாமல் கிடப்பதும் இதனால்தான். எந்த ஆற்றல் எண்ணைப் பார்த்தாலும் 'இது எத்தனை கைக்காசு?' என்று கேட்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

அலகுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாணவனாக நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி, கிலோஜூலிலிருந்து ஜூலைக் கழித்ததால் போனது. என்தால்பி, என்ட்ரோபி என்று இரண்டு அளவுகள் அடுத்த படிகளில் வரும். என்தால்பி அட்டவணை கிலோஜூலில் இருக்கும். என்ட்ரோபி அட்டவணை ஜூலில் இருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். கணக்கைத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் ஜூலுக்கு மாற்றிவிடுங்கள். செல்சியஸ் எண்ணை எந்தச் சமன்பாட்டிலும் பெருக்கவோ வகுக்கவோ கூடாது, 273.15 ஐக் கூட்டிய பிறகே அது உள்ளே வரலாம்.

மூன்றாம் படி: விலை என்ன?

முதல் விதி ஒரு வரவு செலவுக் கணக்கு. அமைப்பின் அக ஆற்றல் மாறினால், அது வெப்பமாகவோ வேலையாகவோ எல்லையைத் தாண்டி வந்திருக்க வேண்டும், அல்லது போயிருக்க வேண்டும். ஆற்றல் எங்கும் முளைப்பதில்லை.

கொதிக்கும் நீரில் இதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 100 டிகிரியில் ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, ஆவியாக்க 40.7 கிலோஜூல் வேண்டும். அந்த நீர் திரவமாக இருந்தபோது சுமார் 19 மில்லிலிட்டர். ஆவியானதும் 30.6 லிட்டர். உள்ளங்கையில் அடங்கியது இரண்டு பெரிய குடம் அளவுக்கு விரிகிறது. விரிய வேண்டுமானால் ஏற்கெனவே அங்கே இருந்த காற்றைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளுவேலைக்கு மட்டும் 3.1 கிலோஜூல் போகிறது. மீதி 37.6 கிலோஜூல்தான் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிய்த்தெடுக்கச் செலவாகிறது. இந்த 37.6 அக ஆற்றல் மாற்றம். தள்ளுகூலியையும் சேர்த்த 40.7 என்தால்பி மாற்றம். நம் சமையலறையும் ஆய்வகமும் திறந்த வெளி அழுத்தத்தில் இயங்குவதால், தள்ளுகூலியைச் சேர்த்தே விலை சொல்வது வசதி. என்தால்பி என்ற அளவு பிறந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

என்தால்பி ஒரு நிலைச் சார்பு. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும், வந்த வழி முக்கியமில்லை. ஹெஸ் 1840 இல் சொன்னது இதைத்தான். கார்பனை முழுமையாக எரித்தால் 393.5 கிலோஜூல் வெளியாகிறது. கார்பன் மோனாக்சைடை எரித்தால் 283.0. இரண்டின் வித்தியாசமான 110.5 தான், கார்பன் பாதி எரிந்து மோனாக்சைடாக நிற்கும்போது வெளியாவது. அந்தப் பாதி எரிதலைச் சுத்தமாகத் தனியே செய்து அளப்பது கடினம். கழித்தல் கணக்கு அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது.

25 டிகிரியில் நீரின் ஆவியாதல் என்தால்பி 44.0 கிலோஜூல். துணியில் இருக்கும் நீர் இந்த விலையை எங்கிருந்து கொடுக்கிறது? சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் தன்னிடமிருந்தும். காயும் துணி தொட்டால் சில்லென்றிருப்பது அதனால். மண்பானையிலும் இதே கணக்குதான். பானையின் நுண்துளை வழியே 10 கிராம் நீர் கசிந்து ஆவியானால் 24 கிலோஜூல் போகும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராவிட்டால், ஒரு லிட்டர் நீரை அது கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்கும்.

நான்காம் படி: அப்படியானால் ஏன் வாங்குகிறது?

44.0 கிலோஜூல் என்பது கிட்டத்தட்ட 18 மடங்கு கைக்காசு. இவ்வளவு விலை கொடுத்து நீர் ஏன் ஆவியாக வேண்டும்? ஆற்றல் குறையும் திசையில்தான் எல்லாம் நடக்கும் என்றால் நீர் ஒருபோதும் ஆவியாகாது.

இங்கேதான் என்ட்ரோபி வருகிறது. அதை 'ஒழுங்கின்மை' என்று மொழிபெயர்த்துச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. மாணவர்கள் உடனே கலைந்த அறையைக் கற்பனை செய்துகொண்டு கணக்கைக் கோட்டைவிடுகிறார்கள். மூலக்கூறுகளும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்ற எண்ணிக்கையே என்ட்ரோபி. விதங்கள் பெருகினால் என்ட்ரோபி பெருகும். வியன்னாவில் போல்ட்ஸ்மானின் கல்லறையில் பொறித்திருக்கும் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: அந்த எண்ணிக்கையின் மடக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி. 18 மில்லிலிட்டருக்குள் நெருக்கியடித்துக் கிடந்த மூலக்கூறுகளுக்கு 25 லிட்டர் இடம் கிடைத்தால் விதங்கள் எப்படிப் பெருகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அட்டவணையில் திரவ நீரின் என்ட்ரோபி 69.9, நீராவியினுடையது 188.8. வித்தியாசம் மோலுக்கு ஒரு கெல்வினுக்கு 118.9 ஜூல். இதை 298 கெல்வினால் பெருக்கினால் ஏறக்குறைய 35.4 கிலோஜூல். விலையில் இவ்வளவு தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 44.0 இலிருந்து 35.4 போனால் 8.6, தசமங்களை இன்னும் கவனமாக வைத்தால் 8.55. இந்த நிகர விலைக்குத்தான் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் என்று பெயர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிப்ஸ் 1870களில் எழுதிய நீண்ட கட்டுரையிலிருந்து வந்தது.

வெப்பநிலை ஏற ஏறத் தள்ளுபடியும் ஏறும். எந்த வெப்பநிலையில் தள்ளுபடி விலைக்குச் சமமாகிறதோ அங்கே நீர் கொதிக்கிறது. 100 டிகிரிக்கு உரிய எண்களை எடுங்கள்: 40,700 ஜூலை 109 ஆல் வகுத்தால் 373. நீரின் கொதிநிலை ஏன் 100 டிகிரி என்பதற்கு இதுவே விடை. 109 என்பது அங்கே ஆவியாதலின் என்ட்ரோபி மாற்றம். பென்சீனின் ஆவியாதல் என்தால்பியை அதன் கெல்வின் கொதிநிலையால் வகுத்தால் இந்த என்ட்ரோபி மாற்றம் 87 வரும். சாதாரணத் திரவங்கள் பலவும் 85 முதல் 88 வரை வந்து நிற்கும். இது ட்ரூட்டன் விதி. நீர் 109 என்று விலகி நிற்பதற்குக் காரணம், ஹைட்ரஜன் பிணைப்புகளால் அது திரவமாக இருக்கும்போதே கட்டுண்டு கிடப்பது. கட்டவிழ்ந்தால் மற்றத் திரவங்களைவிட அதன் என்ட்ரோபி அதிகமாகவே கூடுகிறது.

ஐந்தாம் படி: 'திட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள்

இப்போது முடிச்சுக்கு வருவோம். நிகர விலை +8.55. துணி எப்படிக் காய்கிறது?

'திட்ட' என்ற அடைமொழிதான் சாவி. திட்ட நிலை என்றால், திரவம் தூய்மையானதாகவும் ஆவி 1 பார் அழுத்தத்திலும் இருக்க வேண்டும் என்று பொருள். அதாவது, துணியைச் சுற்றிக் காற்றே இல்லாமல் 1 பார் அழுத்தத்தில் நீராவி மட்டும் அடைத்திருக்கிறது என்ற கற்பனையில் கிடைத்த எண் +8.55. 25 டிகிரியில் அப்படி ஓர் இடத்தில் துணியைத் தொங்கவிட்டால் அது காயாது, மேலும் நனையும். அட்டவணை அதைத்தான் சொன்னது. நாம்தான் நம் வீட்டுக் கொடியைப் பற்றிச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

கொடியைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி கொஞ்சமாகத்தான் இருக்கிறது. அந்த உண்மையான அளவைக் கணக்கில் சேர்க்க ஒரு திருத்தம் வேண்டும்: கைக்காசை எடுத்து, வினைக் குணகத்தின் இயல் மடக்கையால் பெருக்கி, திட்ட மதிப்போடு கூட்ட வேண்டும். இங்கே வினைக் குணகம் என்பது நீராவியின் அழுத்தத்தை 1 பாரால் வகுத்து வரும் எண், அவ்வளவே. (மடக்கைக்கு அலகில்லாத எண்ணை மட்டும்தான் கொடுக்கலாம், வகுப்பது அதற்காக.)

எவ்வளவு ஆவி இருந்தால் மொத்தம் சரியாகப் பூஜ்யமாகும்? 8,550 ஐக் கைக்காசால் (298.15 கெல்வினுக்கு 2,479 ஜூல்) வகுத்தால் 3.45. இயல் மடக்கை −3.45 ஆக உள்ள எண் 0.0318. ஆக, நீராவியின் அழுத்தம் 0.0318 பார் இருக்கும்போது நீரும் ஆவியும் சமநிலையில் நிற்கும். பாதரச அளவில் 23.8 மில்லிமீட்டர். 25 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் என்று எல்லா நூல்களிலும் அச்சாகியிருப்பதும் இந்த எண்தான். நாம் எந்த ஆவியையும் அளக்கவில்லை. வெப்பத்தை அளந்து தொகுத்த இரண்டு அட்டவணைகளிலிருந்து ஆவி அழுத்தத்தைக் கறந்துவிட்டோம். முதல் தடவை இந்தக் கணக்கை முடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் கரும்பலகையில் 0.0318 வரும்போது ஒரு நொடி நின்றுதான் மேலே போகிறேன்.

சமநிலையின்போது வினைக் குணகத்தின் மதிப்பான இந்த 0.0318 தான் சமநிலை மாறிலி. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், வினைக் குணகம் சமநிலை மாறிலியில் பாதி. இரண்டின் இயல் மடக்கை 0.693, அதைக் கைக்காசால் பெருக்கினால், ஆவியாதலின் உண்மையான கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு −1.7 கிலோஜூல். எதிர்க்குறி. துணி காயும். ஈரப்பதம் 100 ஆனால் மாற்றம் பூஜ்யம். அடைமழை நாளில் துணி கொடியிலேயே கிடந்து நாறுவதற்கு இதுவே கணக்கு.

சமநிலையைக் குலைக்கும் மாற்றத்தைத் தணிக்கும் திசையில் அமைப்பு நகரும் என்ற லீ சாட்லியர் தத்துவத்தை இதற்குப் பிறகு தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆவியை விலக்கினால் வினைக் குணகம் குறைகிறது, கட்டிலா ஆற்றல் மாற்றம் எதிர்க்குறியாகிறது, மேலும் ஆவியாகிறது. காற்று வீசுவது அந்த ஆவியை விலக்கத்தான்.

ஆறாம் படி: வெப்பநிலையை மாற்றிப் பாருங்கள்

சமநிலை மாறிலி வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பதற்கு வான்ட் ஹாஃப் பெயரில் ஒரு சமன்பாடு உண்டு. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901 இல் பெற்றவர் இவர். ஆவியாதலுக்கு அதே சமன்பாட்டை கிளாசியஸ்-கிளாப்பிரான் என்ற பெயரில் படிப்பீர்கள். பெயர்தான் வேறு, ஆள் ஒன்று.

அழுத்த விகிதத்தின் இயல் மடக்கை = (ஆவியாதல் என்தால்பி ÷ வாயு மாறிலி) × (1/முதல் வெப்பநிலை − 1/இரண்டாம் வெப்பநிலை)

குக்கரை எடுத்துக்கொள்வோம். வெயிட் போட்ட சாதாரண வீட்டுக் குக்கருக்குள் அழுத்தம் வெளியைவிட ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் கூடுதல், மொத்தம் 2. இரண்டின் இயல் மடக்கை 0.693. 40,700 ÷ 8.314 = 4,895. 0.693 ஐ இதனால் வகுத்தால் 0.0001416. 373.15 இன் தலைகீழியான 0.0026799 இலிருந்து இதைக் கழித்தால் 0.0025383, அதைத் தலைகீழாக்கினால் 394 கெல்வின், அதாவது 121 டிகிரி. நீராவி அட்டவணைகள் தருவதற்கு அரை டிகிரி பக்கத்தில் வந்துவிட்டோம்.

உதகமண்டலத்தில் இதைத் திருப்பிப் போடலாம். 2,240 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 0.77. கொதிநிலை ஏறக்குறைய 93 டிகிரி என்று வரும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதன் காரணம் அந்த ஏழு டிகிரி.

'ஆவி வந்த பிறகு வெயிட் போடு' என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதிலும் ஒரு விதி இருக்கிறது. முதலிலேயே வெயிட்டைப் போட்டுவிட்டால் குக்கருக்குள் இருந்த காற்று அகப்பட்டுக்கொள்ளும். டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி மொத்த அழுத்தத்தில் காற்றும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. நீராவியின் பங்கு 2 ஐ எட்டாது. வெப்பநிலையும் 121 ஐ எட்டாது. விசில் என்னவோ சரியாக வரும், வேக்காடுதான் குறையும்.

ஏழாம் படி: எவ்வளவு வேகம்?

இதுவரை கேட்டது 'நடக்குமா?' என்ற ஒரே கேள்வி. 'எப்போது?' என்று வெப்ப இயக்கவியலிடம் கேட்டால் அதற்கு வாய் கிடையாது. வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்கான திட்ட கட்டிலா ஆற்றல் மாற்றம் அறை வெப்பநிலையில் மோலுக்கு −2.9 கிலோஜூல். எதிர்க்குறிதான், ஆனாலும் மூக்குத்தி கரியாவதில்லை. இடையில் ஏற வேண்டிய மேடு மிக உயரம்.

அந்த மேட்டின் உயரம் கிளர்வு ஆற்றல். அர்ரீனியஸ் 1889 இல் தந்த சமன்பாட்டில் வேக மாறிலியின் மடக்கை, கிளர்வு ஆற்றலைக் கைக்காசால் வகுத்த அளவுக்குக் குறைகிறது. ஐந்தாம் படியில் 8,550 ஐக் கைக்காசால் வகுத்தது நினைவிருக்கிறதா? அதே உருவம். ஆறாம் படியின் சமன்பாட்டில் என்தால்பி இருந்த இடத்தில் கிளர்வு ஆற்றலையும், அழுத்த விகிதத்தின் இடத்தில் வேக விகிதத்தையும் போட்டால் அர்ரீனியஸ் சமன்பாடு கிடைத்துவிடும். மூன்று சமன்பாடுகளை மூன்று அத்தியாயங்களில் பிரித்துப் போட்டு நம்மைப் பாடநூல்கள் அலைக்கழிக்கின்றன. மூலக்கூறுகளிடையே ஆற்றல் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று சொல்லும் போல்ட்ஸ்மானின் பங்கீடு ஒன்றே மூன்றின் அடியிலும் இருக்கிறது.

10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிக்கும் என்ற பொதுவிதியைச் சோதித்துப் பாருங்கள். கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூல் என்று வைத்து 25 இலிருந்து 35 டிகிரிக்குப் போனால் 1.92 மடங்கு வரும். 50 கிலோஜூலை ஒட்டிய வினைகளுக்குத்தான் அந்த விதி பொருந்தும் என்பது இதிலிருந்து தெரிகிறது. 100 கிலோஜூல் உள்ள ஒரு வினை, திறந்த பாத்திரத்தின் 100 டிகிரியிலிருந்து குக்கரின் 120 க்குப் போனால் 5 மடங்கு விரைவாகும். 20 டிகிரிக்காக இவ்வளவு பாடா என்று குக்கரைக் கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

'நடக்குமா' என்பதும் 'எப்போது' என்பதும் மல்லுக்கு நிற்கும் இடம் ஹேபர் முறை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவாவது வெப்பம் உமிழ் வினை; சூடாக்கினால் சமநிலை மாறிலி குறையும். சூடாக்காவிட்டால் நைட்ரஜனின் முப்பிணைப்பு அசையாது. ஆகவே ஆலைகள் 400 முதல் 500 டிகிரிவரை சூடாக்கி, இரும்பு வினையூக்கியால் மேட்டைத் தாழ்த்தி, சூட்டில் இழந்த விளைச்சலை உயர் அழுத்தத்தால் மீட்டுக்கொள்கின்றன. வினையூக்கி சமநிலையை மாற்றாது, அங்கே போய்ச் சேரும் நேரத்தைத்தான் மாற்றும். தேர்வில் இதை மாற்றி எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

அடுத்து என்ன செய்யலாம்?

குவாண்டம் இயங்கியலை இப்போது தொட வேண்டாம். கரைசல்களும் மின்வேதியியலும் அடுத்தது. இரண்டிலும் ஐந்தாம் படியின் திருத்தமே வேறு பெயர்களில் வரும். மின்கலத்தின் நெர்ன்ஸ்ட் சமன்பாடு அப்பட்டமாக அதேதான்.

அதற்கு முன் ஒரு கணக்கு. 25 டிகிரியில் காற்று குளிர்ந்திருப்பது சென்னையில் மார்கழிக் கதை. 30 டிகிரிக்குப் போடுவோம். ஆறாம் படியின் சமன்பாட்டில் 44,000 ஜூலையும் 298.15, 303.15 கெல்வின்களையும் போட்டு, 0.0318 பார் எவ்வளவாக ஏறுகிறது என்று பாருங்கள். 0.0426 வர வேண்டும். வராவிட்டால் முதலில் அலகைச் சோதியுங்கள், பிறகு குறியை. வந்துவிட்டால், ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கும் பிற்பகலில் ஆவியாதலின் கட்டிலா ஆற்றல் மாற்றத்தைக் கண்டுபிடியுங்கள். 30 டிகிரியில் கைக்காசு 2.52 கிலோஜூல். விடை −0.9 க்கு அருகில் இருந்தால், துணியைக் கொடியில் போடலாம்.